பனியன் கட்டிய ஊர்

கே: தொழில் வந்து ஊர் வளர்கிறதா, ஊர் வளர்ந்து தொழில் வருகிறதா?

ப: கொங்கு நாட்டில் முதலில் வந்தது கரண்டு. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. பருத்தி விளையும் கரிசலும் பக்கத்திலேயே இருந்தது. மில்லுக்கு ஆள் வந்தது. ஆளுக்கு வீடு, கடை, பள்ளிக்கூடம் வந்தன. பிறகு அந்த ஊரை நம்பியே பவுண்டரியும் மோட்டார் பம்பும் வந்தன. முதல் சுற்றில் தொழில் இழுத்தது, அடுத்த சுற்றில் ஊர் இழுத்தது.

கே: பட்டணத்தில் ஜனம் கூடினாலே நாடு முன்னேறியதாகக் கொள்ளலாமா?

ப: கூடாது. அங்கோலாவின் லுவாண்டா, உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்களாலும் எண்ணெய்ப் பணத்தாலும் பெருத்த நகரம். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கப் போதிய ஆலை இல்லை.

கே: பனியன் ஊரான திருப்பூருக்குப் போனால் எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

ப: ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று பல கை மாறும். பாதி வேலை ஜாப் ஒர்க்காக வெளியே போகும். அதனால் தெரியாதவருக்கும் நுழைய இடம் உண்டு. ஹெல்பராகச் சேர்ந்தவர் சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் உட்கார்ந்து, கழிவுத் துணியில் தைத்துப் பழகுகிறார். கை பழகினால் டெய்லர். காசு சேர்ந்தால் நாலு மெஷின் வாங்கிப் போட்டுச் சொந்தத் தொழில். இந்த வாசல் பெரிய ஆலைகளில் கிடையாது.

கே: அவ்வளவு ஏற்றுமதி செய்யும் ஊரில் நொய்யல் ஆறு ஏன் செத்தது?

ப: சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டதால். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. லாபம் கம்பெனிக்கு, உப்பேறிய வயல் கீழே இருந்த விவசாயிக்கு! அவர்கள் விடாமல் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வேகம் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய செலவு அது.

கே: வடக்கிலிருந்து வந்தவர்களால் ஊரே மாறிவிட்டதே?

ப: மதுரை, தேனியிலிருந்து வந்தவர்களால் ஏற்கெனவே மாறிய ஊர்தான். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆள் வராவிட்டால் ஆர்டர் முடியாது. ஆனால் லைன் வீட்டில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேர், வரிசைக்கே ஒரு குழாய் என்று அவர்களை வைத்திருப்பது அநியாயம். புதுக் கம்பெனிக்கு அனுமதி தரும்போதே, வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கே வீடு, எங்கே தண்ணீர் என்று எழுதி வாங்க வேண்டும்.