தொலைந்த கோப்பு

கேள்வி: போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீரருக்கு உயர்ந்த பதக்கம் தரத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் தர வேண்டும். கடன் பழசாகிவிட்டால் தள்ளுபடியாகிவிடுமா?

1965 ஜூன், வியட்நாமின் போங் சன். அமெரிக்கக் கறுப்பினத்தவரான கேப்டன் பாரிஸ் டேவிஸின் கையைக் கையெறி குண்டு சிதைத்தது. சுண்டுவிரலால் துப்பாக்கியின் விசையை இழுத்தபடியே போரிட்டார். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தும், காயம்பட்டுக் கிடந்த தன் ஆட்களை விட்டு நகரவில்லை. அமெரிக்காவின் உச்ச ராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' தரப் பரிந்துரைத்தார்கள். கோப்பு தொலைந்தது. மறுபடி அனுப்பினார்கள், அதுவும் தொலைந்தது! கிடைத்ததென்னவோ அதற்குக் கீழான வெள்ளி நட்சத்திரம். தொலைந்தது காகிதம்தான், வீரம் அல்லவே!

2023 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் அந்த 'மெடல் ஆஃப் ஆனர்' கழுத்தில் ஏறியபோது அவருக்கு வயது 83.