பின் புத்தியும் புருஷ லட்சணமும்

கேள்வி: ‘பெண் புத்தி பின் புத்தி’ என்றால், பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறியும் புத்தி என்றுதான் பொருள் என்கிறார் என் மாமனார். பட்டிமன்றத்திலும் அப்படியே சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: மாமனாருக்கு என் வணக்கம். மருமகளிடம் நல்ல பொருளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரே, அந்த மனசு பெரிது. ஆனால் இந்தப் பழமொழி வீடுகளில் எப்போது வாயில் வந்தது? பெண் ஒரு யோசனை சொன்ன அடுத்த நிமிடம், அவள் வாயை அடைக்க. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று பாருங்கள்; பொருள் விளங்கிவிடும்.

புது விளக்கத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் நான் முத்துலட்சுமி ரெட்டியைக் காட்டுவேன். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். பின்னால் வருவதை அறிவது அதுதான்! அப்படிப்பட்டவர்களை அடுப்படியிலேயே நிறுத்தத்தான் இந்தப் பழமொழி உதவியது.

ஆண்களும் தப்பவில்லை. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பதை உற்சாகமூட்டச் சொல்வார்கள். வேலை போன மறுநாள் அதே சொல் அந்த மனிதனைச் சாப்பாட்டுத் தட்டின் முன் தலைகுனிய வைக்கிறது. இதற்கு ஆறுதலான விளக்கம் சொல்ல எந்தப் பட்டிமன்றமும் வரவில்லையே என்று வருந்துகிறேன்.

மாமனாரிடம் ஒன்று கேளுங்கள். அடுத்த முறை மனை வாங்கும்போது மாமியாரின் யோசனையை முதலில் கேட்பாரா? கேட்பார் என்றால், அவர் விளக்கத்துக்கு என் ஓட்டும் உண்டு.