பூனை மாமி

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய எந்தச் சந்தில் நுழைந்தாலும் அங்கே ஒரு பூனை மாமி இருப்பார். வயது அறுபதை ஒட்டி. பிள்ளை கலிஃபோர்னியாவில். கையில் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. கற்பகாம்பாள் சன்னிதியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதும் காது வேலை செய்துகொண்டே இருக்கும். பிராகாரத்தில் ஒரு 'மியாவ்' கேட்டால் அர்ச்சனைத் தட்டு ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம்.

டிசம்பர் சங்கீத சீசன் பேட்டை என்பதால் பூனைகளுக்கெல்லாம் ராகப் பெயர்: சஹானா, ஆபோகி, கீரவாணி. நடுராத்திரி மதில் ஏறி ஊரை எழுப்பும் கடுவனுக்கு மட்டும் பெயர் கிடையாது. அவனுக்குச் சுருதி சேரவில்லையாம்.

மாமியின் பொதுவாழ்வு தயிர்சாதத்தில்தான் ஆரம்பித்தது. பூனைகளும் மயிலாப்பூர்ப் பூனைகள் ஆயிற்றே என்று பேசாமல் தின்றன. பிறகு கார் ஷெட்டெல்லாம் அசிங்கம் செய்தன. கால்நடை டாக்டர் விளக்கினார்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. அதோடு டாரின் என்று ஒரு சத்து உண்டு, அது மாமிசத்தில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண் போகும், இதயமும் கெட்டுப்போகும். முட்டை போட்ட கேக்கைக்கூட மூன்று தலைமுறையாகத் தொடாத குடும்பம். மறுநாள் காலை மாமி ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் போனார்.

மீன் மார்க்கெட்டில் தெரிந்த முகம் ஏதாவது தென்பட்டுவிடுமோ என்ற பயத்தில், "பூனைக்கு! பூனைக்கு!" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லித்தான் பை நீட்டுவார். இப்போது அங்கே வாடிக்கைக்காரர் ஆகிவிட்டார். "இன்னா மாமி, ரெண்டு நாளா காணோம்? மத்தி எட்த்து வெச்சிகினே கீறேன்" என்று உரிமையாகக் கூப்பிடுகிறார்கள். கருவாடு தனி ஏற்பாடு: பாலிதீன் பைக்குள் பை, அதற்கு மேல் ஒரு பை, அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள், பாட்டில் மொட்டை மாடியில் கவிழ்த்த பக்கெட்டுக்குக் கீழே. மடி கெடாமல் கருவாடு வைத்துக்கொள்ளும் முறையை எந்த சாஸ்திரத்திலும் எழுதவில்லை, மாமியே வகுத்துக்கொண்டார்.

கருவாடு எதற்கு? கூண்டுக்கு. நாயை வலை போட்டுப் பிடித்துவிடலாம். பூனை அப்படியா? கம்பிக் கூண்டின் கடைசியில் வாசனை வைத்து, நடுவில் இருக்கும் தகட்டை அது மிதிக்கும்வரை மூச்சுக் காட்டாமல் காத்திருக்க வேண்டும். பிடிபட்டதும் கருத்தடை, தடுப்பூசி, மயக்கத்திலேயே இடது காது நுனியில் நேராக ஒரு வெட்டு. தேறியதும் பிடித்த இடத்திலேயே விடுதல். காது வெட்டு ஓர் அடையாளம், அதைப் பார்த்துவிட்டால் இன்னொரு தடவை பிடிக்க வேண்டாம். ஜப்பானில் இதையே செர்ரிப் பூவிதழ் மாதிரி நறுக்கி, அந்தப் பூனைகளைச் செல்லமாக 'சகுரா பூனை' என்கிறார்கள். நம் ஊரில் "ஐயோ, மூளிக்காது" என்கிறார்கள். மாமி அலட்டிக்கொள்வதில்லை. இரண்டாம் மாடி பால்கனியிலிருந்தே எந்தப் பூனைக்குக் காது முழுசு என்று சொல்லிவிடுவார். பேப்பர் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும்.

இந்த வகை மாமிக்கு ஜோடியாக, எதிர்க்கட்சியாக, ஒவ்வொரு ஃபிளாட்டிலும் ஒரு அசோசியேஷன் செக்ரடரி உண்டு. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவரிடம் இருப்பது ஒரே யோசனை.

"மாமி, எல்லாத்தையும் கோணில போட்டு பெசன்ட் நகர் பக்கம் விட்டுட்டா என்ன?"

"விடுங்கோ சார். இங்கே குப்பைத்தொட்டியும் எலியும் அப்படியேதானே இருக்கு? காலி இடம்னு பக்கத்துத் தெருப் பூனை வரும். அதுக்கு ஆபரேஷன் ஆகியிருக்காது. ரெண்டே மாசத்துல நாலு குட்டி. பரவாயில்லையா?"

செக்ரடரி சட்டத்துக்குப் போவார். போகக் கூடாது, அது மாமியின் பேட்டை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம், மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் விளைவு. அடையாறு சம்பந்தம் என்பதால் மாமிக்கு அதில் சொந்த வீட்டுப் பாசம். ஆனால் முதல் தடவை வதைத்தவனுக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். அதை வைத்து யாரை மிரட்ட முடியும்? ஆகவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவை எடுப்பார்: கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து வருஷம்வரை உள்ளே.

துருப்புச்சீட்டு, லேமினேட் செய்த 2023 விலங்குக் கருத்தடை விதிகள். 2001-இல் வந்த பழைய விதிகளின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் 'நாய்' இருந்தது. புதியதில் அது போய் வெறும் 'விலங்கு' ஆகிவிட்டது. உள்ளே போனால் பெரும்பாலும் நாய் புராணம்தான், அது வேறு விஷயம். ஆனால் சமூக விலங்குகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றும், இடம் குழந்தைகள் விளையாடுமிடம், வாசல், மாடிப்படி இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

"இது நாய்க்குத்தானே மாமி?"

"விலங்குன்னு போட்டிருக்கான் சார். பூனை என்ன, முருங்கை மரமா?"

பொதுக்குழுவில் ஒன்றரை மணி நேரம் விவாதம். லிஃப்ட் ரிப்பேருக்கு இதில் பாதி நேரம்கூட ஒதுக்கியதில்லை. மோட்டார் ரூம் பின்புறம், காலை ஆறுக்குள், தட்டைக் கழுவி எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஆபரேஷன் செலவில் சங்கத்தின் பங்காக ஒரு தொகையும் எழுதிக்கொண்டார்கள். 'மீன்' என்ற சொல் மினிட்ஸ் புத்தகத்தில் வரக்கூடாது என்று செக்ரடரி பிடிவாதம் பிடித்ததால் அது 'விசேஷ ஆகாரம்' ஆயிற்று.

போன வாரம் விடியற்காலையில் மாமிக்கு போன். செக்ரடரிதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மாமி, கீழே கார் பக்கத்துல புதுசா ஒண்ணு வந்திருக்கு. கறுப்பு. ரெண்டு காதும் முழுசா இருக்கு. கூண்டை எடுத்துண்டு வரேளா, இல்லே நான் வந்து வாங்கிக்கட்டுமா?"