மஞ்சப்பைக் காவலர்

சென்னையிலிருந்து கோவைக்கு வீடு மாற்றும் குடும்பத்தில், ஒரு சாமானையும் தூக்காமல் எல்லோரையும்விட அதிகம் களைத்துப்போகிற ஒருவர் இருப்பார். அவர்தான் மஞ்சப்பைக் காவலர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய குடும்பத் தலைவர். நகை, ரொக்கம், பத்திரம் மூன்றும் அவர் பொறுப்பு. நகையையும் பணத்தையும் பேக்கர்ஸ்காரர்கள் பொதுவாக ஏற்பதில்லை; ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும். ஆகவே கையோடு கொண்டுபோவது சரியான முடிவே. கொண்டுபோகும் விதத்தில்தான் வினை.

நகைப்பெட்டி கண்ணை உறுத்தும் என்று, ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள் பழைய துண்டில் சுற்றி வைப்பார். யாரும் சந்தேகப்படக் கூடாதல்லவா? பிறகு அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கியபடியே பல் துலக்குவார், டீ குடிப்பார், பீரோ இறங்கும் மாடிப்படியில் குறுக்கே நிற்பார். லோடுமேன் பையன் பரிதாபப்பட்டு, "பையக் குடுங்க சார், வண்டில வெச்சிடுறேன்" என்று கை நீட்டினால் போதும். "அதுல ஒண்ணும் இல்லப்பா, வெறும் துண்டு!" என்று தெருமுனைவரை கேட்கும்படி அலறுவார். அதுவரை கவனிக்காதவர்களும் அப்போது பையைப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. பத்திரம் தனி இடம் போகும்; எந்த இடம் என்பது மறந்துபோகும். வண்டி கிளம்பும் நேரத்தில், பத்திரத்தைத் தேடி, ஏற்றிய அரிசி டிரம் கீழே இறங்கும்.

மற்ற சாமான்களுக்கு டிரான்சிட் இன்ஷூரன்ஸ் போட சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டுவார். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, அறுபதாயிரம் ரூபாய் டி.வி.க்கு மதிப்பு பத்தாயிரம் என்று எழுதுவார் நம்மவர். உடைந்தால் கிடைப்பதும் அந்தக் கணக்கில்தான். சாமான்களைக் கட்டுமுன் போட்டோ எடுக்க, பெட்டிக்கு எண் போட்டுப் பட்டியல் எழுத இரண்டு கை வேண்டும். இவருக்கு மிச்சம் ஒரு கைதான்.

கோவையில் சாமான் இறங்கியதும், 'எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில், ஒரு பெட்டியையும் பிரிக்காமல் ஒற்றைக் கையால் கையெழுத்துப் போடுவார். டி.வி. திரையின் கீறல் மறுநாள் தெரியும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குப் போடுமுன், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுப்பார். பதிலுக்கு அவருடைய கையெழுத்தின் நகலே தபாலில் வந்து சேரும்.