சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதாதவர் தேவை

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.),
புதுதில்லி.

பொருள்: ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வு (சி.ஜி.எல்.) – ஆங்கிலப் பகுதி – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

1975-இல் தொடங்கி அரை நூற்றாண்டாக மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுத்துத் தரும் தங்கள் ஆணையம் ஆங்கிலத்துக்குச் செய்துவரும் தொண்டை இதுவரை யாரும் முறையாகப் பாராட்டவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கடிதம். ஒரு மொழியில் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதாமல், ஒரு வார்த்தைகூட வாய்திறந்து பேசாமல், அந்த மொழியில் தேறியவர் என்று ஒருவருக்கு மதிப்பெண் போட முடியும் என்று நிரூபித்தவர்கள் நீங்கள். மொழி கற்பிப்பவர்கள் எல்லாரும் எழுது, பேசு என்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்க, அந்த இரண்டு தொல்லையையும் ஒரே வீச்சில் ஒழித்த பெருமை தங்களுக்கே உரியது.

கணக்கைப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதில் ஆங்கிலம் 25. அதைத் தாண்டி இரண்டாம் நிலைக்குப் போனால் ஆங்கிலத்துக்கு மட்டும் 45 கேள்விகள், 135 மதிப்பெண். கணிதத்துக்கு 90, ரீசனிங்குக்கு 90, பொது அறிவுக்கு 75 என்று சேர்த்தால் மொத்தம் 390. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆங்கிலம்தான். இத்தனை எடை கொடுத்துவிட்டு என்ன கேட்கிறீர்கள்? பிழை கண்டுபிடி, கோடிட்ட இடத்தை நிரப்பு, எதிர்ச்சொல் சொல், பல சொல்லுக்கு ஒரு சொல் சொல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, கலைத்துப் போட்ட வாக்கியங்களை அடுக்கு. எல்லாவற்றுக்கும் நான்கு விடைகள் ஆயத்தமாக இருக்கும். சரியானதைத் தொட்டால் மூன்று மதிப்பெண் வரும், தவறானதைத் தொட்டால் ஒன்று போகும். எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக் குத்தினால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நான்கில் ஒன்றை மட்டும் நிச்சயமாகக் கழித்துவிடத் தெரிந்தால் அங்கிருந்து லாபக் கணக்கு தொடங்கிவிடும். கோச்சிங் சென்டர்களில் 'எலிமினேஷன்' என்று தனி வகுப்பே எடுப்பது இதனால்தான். ஆங்கிலப் பகுதிக்குள் இன்னொரு கணிதப் பகுதியை ஒளித்து வைத்த தங்கள் சாமர்த்தியத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

ஒரு கேள்வியைக் கையிலெடுத்துப் பார்ப்போம். 'ஹூ ரோட் திஸ் லெட்டர்?' இதைச் செயப்பாட்டுவினைக்கு மாற்ற வேண்டும். விடை, 'பை ஹூம் வாஸ் திஸ் லெட்டர் ரிட்டன்?' இலக்கணப்படி அப்பழுக்கில்லாத வாக்கியம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எந்த செக்‌ஷன் ஆபீசரும் கோப்பைப் புரட்டிக்கொண்டே இப்படிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் எதிரே நிற்பவர் பயந்துவிடுவார். பிழை திருத்தும் கேள்விகளிலும் இதே கதை. 'லெஸ்ட்' வந்தால் பின்னாலேயே 'ஷுட்' வந்தாக வேண்டும் என்பது பயிற்சிப் புத்தகங்களின் வேதவாக்கு. 'ஷுட்' இல்லாமலும் அந்தச் சொல் சரியாகவே நடைபோடும் என்று ஆங்கில அகராதிகள் காட்டுகின்றன. ஆனால் அகராதி பார்த்துப் படித்தவர் தயங்கி நிற்பார். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் 36 விநாடியில் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதிகம் தெரிந்தவருக்குத் தண்டனை கிடைக்கும் தேர்வை வடிவமைப்பது சாதாரணக் காரியம் இல்லை.

சொல்வளம் என்ற பெயரில் நடப்பது இன்னும் சுவையானது. மன்னரைக் கொன்றால் ரெஜிசைட், தந்தையைக் கொன்றால் பேட்ரிசைட், தாயைக் கொன்றால் மேட்ரிசைட், சகோதரனைக் கொன்றால் ஃப்ராட்ரிசைட், மனைவியைக் கொன்றால் அக்ஸோரிசைட். ஒரு குடும்பத்தையே தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் தேர்வர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். இந்தத் தேர்வின் வழியாக சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர்களும் தேர்வாகிறார்களே, அவர்களுக்காவது உதவாதா என்று கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103-ஆவது பிரிவு. செத்தது மனைவியா தம்பியா என்று பார்த்துச் சட்டம் பெயரை மாற்றுவதில்லை. மரபுத்தொடர்களின் கதியும் இதுதான். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோதல் என்று படித்து மதிப்பெண் வாங்கியவர், வருமான வரி அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், வரி கட்ட வேண்டியவர் வாளியை உதைத்துவிட்டபடியால் வாரிசுக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று குறிப்பு எழுதினால் மாலைக்குள் மெமோ வந்துவிடும். அலுவலகத்தில் பயன்படுத்தினால் நடவடிக்கைக்கு ஆளாகும் சொற்களைத் தெரிந்து வைத்திருப்பதே அலுவலகத்தில் நுழையத் தகுதி என்ற விதி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் உண்மையில் தேவைப்படுவது என்ன என்பது இரகசியம் ஒன்றுமில்லை. மத்தியத் தலைமைச் செயலகத்துக்கான அலுவலக நடைமுறைக் கையேடு இருக்கிறது. கடிதம் எப்படி இருக்க வேண்டும், நேர்முகக் கடிதம் எப்போது எழுத வேண்டும், ஆபீஸ் மெமோரண்டம் எப்படிப் படர்க்கையில் அமைய வேண்டும், அதில் விளிப்பு கூடாது, வணக்கம் கூடாது, கையெழுத்தும் பதவியும் மட்டும் போதும் என்றெல்லாம் அதில் உண்டு. இந்தத் தேர்வில் தேறி உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்பவரின் அன்றாடப் பிழைப்பே இந்தக் குறிப்பும் வரைவும்தான். ஒரு மனு எதைப் பற்றியது, விதி என்ன சொல்கிறது, முன்பு என்ன முடிவெடுத்தார்கள், இப்போது என்ன செய்யலாம் என்று பத்து வரியில் மேலதிகாரிக்குப் புரியும்படி எழுத வேண்டும். இதில் ஒரு வரியைக்கூடத் தேர்வில் கேட்பதில்லை என்ற தங்கள் உறுதி வியக்க வைக்கிறது. ஒருகாலத்தில் தங்களுக்கும் இந்தப் பலவீனம் இருந்தது. 2016-இல் கட்டுரை, கடிதம், சுருக்கி வரைதல் என்று 100 மதிப்பெண்ணுக்குக் கையால் எழுதும் தாள் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். 2022-இல் அதையும் எடுத்துவிட்டீர்கள். நேர்முகத் தேர்வு 2016 ஜனவரியிலேயே போய்விட்டது. சிபாரிசுக்கு வழியடைத்த நல்ல முடிவு அது. மீதமிருப்பது 15 நிமிடத் தட்டச்சுத் தேர்வு. அதிலும் கொடுத்த பத்தியை அப்படியே பார்த்து அடிக்க வேண்டும். ஆக, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பணி ஆணை வாங்கும் நாள் வரை தேர்வர் சொந்தமாக ஒரு வாக்கியமும் அமைத்துக் காட்ட வேண்டியதில்லை.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு, விடைத்தாளை யார் திருத்துவது, கணினியால்தானே முடியும் என்று தங்கள் தரப்பில் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அத்தனை லட்சம் பேரையும் எழுதச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. முதல்நிலையில் பெரும்பகுதியை வடிகட்டிவிட்டுத்தானே அடுத்த நிலைக்கு அழைக்கிறீர்கள்? வங்கிகளின் புரொபேஷனரி ஆபீசர் தேர்வில் 30 நிமிட எழுத்துத் தாள் உண்டு. கணினியிலேயே தட்டச்சு செய்கிறார்கள், கொள்குறித் தேர்வில் தேறியவர்களின் தாள்களை மட்டும் திருத்துகிறார்கள். குடிமைப் பணித் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத் தாள் இருக்கிறது; 25 விழுக்காடு எடுத்தால் போதும், அது தரவரிசையில் சேராது. தாங்களே பல ஆண்டுகள் இதைச் செய்து பார்த்தவர்கள். மனிதர் திருத்தினால் தகராறு வரும் என்றால், கணினி திருத்தும்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விடைக்குறிப்பை எதிர்த்துக் கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ஆட்சேபணை தெரிவிக்கும் வசதியைத் தாங்களே வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

எழுதச் சொன்னால் நகரத்துக் கான்வென்ட் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கட்டுரைத் தலைப்பு கொடுத்து அலங்காரமாக எழுதச் சொன்னால் அது உண்மைதான். ஆனால் ஆபீஸ் மெமோரண்டத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம் இந்தியாவில் எங்கும் இல்லை. படர்க்கையில், விளிப்பில்லாமல், நான்கு பத்தியில் விஷயத்தைச் சொல்வது கான்வென்ட் பிள்ளைக்கும் புதிது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் புதிது. இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கலாம். மாறாக, சின்ன வயதிலிருந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்து வளர்ந்தவருக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும் மரபுத்தொடரை, மற்றவர் பணம் கட்டி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. சமநிலை பற்றிப் பேசும்போது இன்னொன்றும் உண்டு. ஆங்கிலப் பகுதி தவிர்த்த மற்றப் பகுதிகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கலாம். தமிழ்வழியில் பட்டம் முடித்தவருக்குக் கணிதக் கேள்வியும் ஆங்கிலப் பாடம்தான். பல்பணிப் பணியாளர் (எம்.டி.எஸ்.) தேர்வை 2023-இல் தமிழ் உள்ளிட்ட 13 பிராந்திய மொழிகளுக்குத் திறந்துவிட்டது போன்ற பெருந்தன்மை இங்கே இன்னும் எட்டவில்லை.

இலக்கணம் தெரிந்தவருக்கு எழுத வரத்தானே செய்யும், அதனால் ஒன்றைச் சோதித்தால் மற்றதைச் சோதித்த மாதிரிதானே என்பது மூன்றாவது வாதம். நான்கு கிண்ணத்தில் சாம்பார் வைத்து எதில் உப்புக் குறைவு என்று கேட்டு, சரியாகச் சொன்னவரைக் கல்யாணச் சமையலுக்கு அமர்த்துவது போன்ற நம்பிக்கை அது. யாரும் தயாராகாமல் வந்து உட்கார்ந்தால் இந்த அளவுகோல் ஓரளவு வேலை செய்யும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை ஷிஃப்ட் வாரியாகத் தொகுத்து, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று பட்டியல் போட்டு விற்கும் நாட்டில் அது சொல்வளத்தை அளப்பதில்லை, பட்டியலைத்தான் அளக்கிறது. இந்தப் பயிற்சிக்கு மூலநூலாக இன்றும் விற்பது ரென் அண்ட் மார்ட்டின். பம்பாயில் கல்வித் துறையில் பணியாற்றிய, 'போ ஜெஸ்ட்' நாவலால் புகழ்பெற்ற பி.சி. ரென்னும் அவருடைய கூட்டாளியும் எழுதியது. அதன் முழுத் தலைப்பு 'ஹை ஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்'. வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகமே இலக்கணத்தோடு நின்றுவிடாமல் எழுதவும் சொல்லிக் கொடுத்தது. ஆணையம் அந்தத் தலைப்பை 'அண்ட்' வரைக்கும் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டது.

வேலையில் சேர்ந்த பிறகு தலைமைச் செயலகப் பயிற்சி நிறுவனத்தில் குறிப்பும் வரைவும் சொல்லித் தருகிறோமே என்று தாங்கள் நினைவூட்டலாம். சேர்ந்தவருக்குச் சரி. 2025 சி.ஜி.எல். அறிவிக்கையில் சுட்டிய காலியிடங்கள் 14,582. விண்ணப்பிப்பவர்கள் பல லட்சம். வேலை கிடைத்தவர்களை விடக் கிடைக்காதவர்களின் நிலையைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி முடித்த பிறகு அவர்களில் பலர் ஆங்கிலத்தோடு ஊன்றிப் பழகும் காலம் இந்தத் தேர்வுக்காகப் படிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். தாங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் போட முடியாத பாடத்திட்டத்தைத் தங்கள் அறிவிக்கை போட்டுவிடுகிறது. பத்து வரியில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுது என்று கேட்டிருந்தால், கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணில் வெளியே போனவரும் அந்தத் திறமையைக் கையோடு கொண்டுபோயிருப்பார். தனியார் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதவோ, மின்வாரியத்துக்குப் புகார் எழுதவோ அது உதவியிருக்கும். இப்போது அவர் கையோடு கொண்டுபோவது அக்ஸோரிசைட்.

எனவே பணிந்து வேண்டுவது இதுதான். இலக்கணக் கேள்விகளை நீக்க வேண்டாம். 45-ஐ 30 ஆக்கினால் போதும். இரண்டாம் நிலையில் ஒரு மனுவும் அதற்கான விதியும் கொடுத்து, பத்து வரிக் குறிப்பு ஒன்றைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். குடிமைப் பணித் தேர்வைப் போலத் தகுதிக்கு மட்டும் வைத்தால் தரவரிசைத் தகராறும் இருக்காது. அடுத்தவர் பத்தியை 15 நிமிடம் பார்த்து அடிக்கும் அதே கணினியில், அதே விசைப்பலகையில், சொந்தமாக நான்கு வாக்கியம் அடிக்கவும் முடியும்.

இந்தக் கடிதத்துக்குத் தாங்களே யோசித்துப் பதில் எழுத வேண்டிய சிரமம் வேண்டாம். கீழே நான்கு விடைகள் கொடுக்கப்பட்டுள்ளன. பொருத்தமான ஒன்றைத் தேர்வு செய்தால் போதும்.

(அ) தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.
(ஆ) தங்கள் கோரிக்கை உரிய துறைக்கு அனுப்பிவைக்கப்பட்டது.
(இ) இது கொள்கை முடிவு என்பதால் ஆணையம் கருத்துக் கூற இயலாது.
(ஈ) மேற்கண்ட அனைத்தும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடிமகன் ஒருவன்