வெள்ளத்துக்கு வட்டி

2022-இல் பாகிஸ்தானை வெள்ளம் வாரிச் சுருட்டியது. 1,700 பேருக்கு மேல் செத்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் உலகம் கக்கும் கரிப்புகையில் அந்நாட்டின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஊரே கூடிப் புகை போட்டது, இருமல் மட்டும் ஒரு வீட்டுக்கு.

சேதமும் இழப்புமாக 3,000 கோடி டாலருக்கு மேல். மறு ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய கனவான்கள் மனமுருகி, 900 கோடிக்கு மேல் தருவதாக வாக்களித்தார்கள். கைதட்டல் ஓய்ந்தபின் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி கடன்! நனைந்தவன் தலை துவட்டுவதற்குள் துண்டுக்குத் தவணை போட்டாயிற்று.

உள்ளூர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? சிந்து மாகாணத்தில் மஞ்சர் ஏரி தளும்பியபோது, சேவன் போன்ற நகரங்களைக் காப்பாற்ற அதிகாரிகளே கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் பாயும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எந்தப் பக்கம் பள்ளம் என்பதைக் கோப்பு முடிவுசெய்யும் என்பது நிர்வாகப் பாடம். பாய்ந்தது கிராமங்களுக்குள். லட்சம் பேர் வரை வெளியேற நேரலாம் என்று கணக்கும் சொன்னார்கள். முன்யோசனை இல்லாத அரசு என்று இனி யாரும் வாய் திறக்க முடியாது.