போனது பெராருக்கு, வந்தது ரெபெக்கா

ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் முக்காடு போட்ட ரெபெக்கா சிலையைப் பார்த்ததும் என் கும்பகோணத்துப் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இவ மழையில நனைஞ்சுட்டாளா?"

நியாயமான கேள்விதான். பளிங்குச் சிலை, ஆனால் முகத்தில் ஈரத்துணி ஒட்டிக்கொண்ட மாதிரி மூக்கும் உதடும் உள்ளிருந்து தெரிகின்றன. துணியும் கல், மூக்கும் கல், நடுவில் இருக்கிற காற்றும் கல். பெரியம்மா, ஜவுளிக்கடையில் ஜாக்கெட் துணியை விரலால் தேய்த்துப் பார்க்கிற பாவனையில் கையை நீட்டினாள். காவலர் பதறிக்கொண்டு வந்து "சூனா நக்கோ, அம்மா!" என்றார். தொடாதீர்கள் என்பதற்கு ஹைதராபாத் பாஷை. பெரியம்மாவுக்குத் தெரிந்த சூனா, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு ஒன்றுதான். "சுண்ணாம்பு வேணுமான்னு கேக்கறார்டா, நல்ல மனுஷன்" என்றாள். திருத்த எனக்குச் சோம்பல்.

ரெபெக்கா இங்கே வந்தது ஒரு பயணத்தால். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணம் என்றால் வெள்ளைக்காரர் இங்கே வருவது. வந்து, ஒரு தடிமனான நோட்டில் யானை, பக்கிரி, இடிந்த கோட்டை எல்லாம் வரைந்து, கடையில் விற்கும் அச்சுப்படங்களை வாங்கிச் செருகி, காய்ந்த பூ ஒன்றையும் ஒட்டிக்கொண்டு ஊர் திரும்புவது. கையில் வரைகிற வழக்கம் இல்லாத பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்காரர் இருந்தார். 1893 ஜனவரியில் ஹைதராபாத் அரசர் நிஜாமின் விருந்தாளியாக வந்த ஆஸ்திரியக் கோமகன் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஒரு புலியைச் சுட்டார். லாலா தீன்தயாள் படம் எடுத்தார். கோமகன் உலகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சாமான்களை அள்ளிக்கொண்டு போய், இரண்டு பெரிய தொகுதிகளில் டைரியும் வெளியிட்டார். 21 வருஷம் கழித்து சரயேவோவில் அவரையே ஒருவன் சுட்டது வேறு கதை. அதில் புலிக்குச் சம்பந்தம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

ரெபெக்கா வந்தது இதற்கு எதிர்த்திசையில். 1876இல் ஹைதராபாத்காரர் ஒருவர் சீமைக்குப் போனார். மீர் துராப் அலி கான், முதலாம் சாலார் ஜங், நிஜாமின் திவான், அதாவது முதல் மந்திரி. அவர் போனது ஊர் பார்க்க அல்ல. அடமானத்தில் போன நிலத்தை மீட்க.

நிலத்தின் பெயர் பெரார். கரிசல் மண், பருத்தி விளைச்சல், நல்ல வருமானம். அது கைமாறிய விதம் நம் வட்டிக்கடைகளுக்கே பாடம் நடத்தக்கூடியது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி நிஜாமிடம் சொன்னதன் சாரம் இது: "உங்கள் வீட்டுக்கு நான் வாட்ச்மேன் போடுகிறேன். ஆள் என் ஆள், சம்பளம் உங்களுடையது. எத்தனை பேர் வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். பாக்கி விழுந்தால் தோட்டத்தை என் பேரில் விட்டுவிடுங்கள்." அந்த வாட்ச்மேன் ஒரு படை. ஹைதராபாத் கன்டின்ஜென்ட் என்று பெயர். பாக்கி விழுந்தது. 1853 மே மாதம் நிஜாம் கையெழுத்துப் போட்டார். அப்போது திவானாக இருந்த சிராஜ் உல் முல்க் சில நாட்களுக்குள் இறந்தே போனார். அவருடைய சகோதரர் மகன்தான் நம்மவர். வயது 24. பதவியேற்றபோது கஜானா காலி, தோட்டம் கம்பெனி கையில்.

1857 கிளர்ச்சியில் சாலார் ஜங் ஆங்கிலேயர் பக்கம் அசையாமல் நின்றார். ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெஸிடென்டின் மாளிகையைத் தாக்க வந்தவர்கள் தோற்றார்கள். அதற்குப் பலனாக 1860இல் 50 லட்ச ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தார்கள், சில ஜில்லாக்களைத் திருப்பித் தந்தார்கள். கடனே இல்லை என்றால் அடமானம் எதற்கு என்று நீங்களும் நானும் கேட்போம். சாலார் ஜங்கும் கேட்டார். அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள்.

பிறகு வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தார். குட்டி நிஜாம் மகபூப் அலி கானுக்கு அப்போது ஒன்பது வயது. அவரை பம்பாய்க்கு அழைத்து வந்து இளவரசர் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ரெஸிடென்ட் பிடிவாதம். பையனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு சாலார் ஜங் தானே போனார். அவரை இளவரசர் இங்கிலாந்துக்கு வரும்படி அழைத்தார். "நம்ம வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று நாம் பஸ் ஸ்டாண்டில் சொல்வோமே, அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். இவர் பெட்டி கட்டிவிட்டார்.

1876 ஏப்ரலில் பம்பாயில் கப்பல் ஏறினார். ரோமில் அரசரைப் பார்த்தார், போப்பாண்டவரைப் பார்த்தார், ஜியோவான்னி மரியா பென்சோனி என்ற சிற்பியின் கைவேலையையும் பார்த்தார். மணமகன் ஈசாக்கைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட பைபிள் பெண் ரெபெக்கா. கோஷா வழக்கமுள்ள ஊரிலிருந்து போனவருக்கு, ரோமாபுரியில் இப்படி ஒரு அடக்கமான பெண்ணைக் கண்டதில் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். வாங்கிவிட்டார். உலகத்திலேயே ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பென்சோனி இவளைப் பல பிரதிகள் செதுக்கியிருக்கிறார். அமெரிக்காவில் அட்லாண்டா மியூசியத்திலும் ஒருத்தி முக்காட்டோடு நிற்கிறாள். பாவம், தனக்கு ஹைதராபாத்தில் ஒரு அக்காவோ தங்கையோ இருப்பது தெரியாமல்.

அடுத்தது பாரிஸ். ஹோட்டல் மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் மறுநாள் லண்டன் பத்திரிகையிலாவது எழுதமாட்டார்கள். கட்டுப் போட்ட காலோடு கடல் தாண்டி, நாற்காலியில் சுமந்து போகப்பட்ட நிலையில், தோட்டத்து வழக்கை நடத்த லண்டன் போய்ச் சேர்ந்தார்.

உபசாரத்தில் குறையே இல்லை. மகாராணி விருந்து வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. லண்டன் மாநகரம் தன் கௌரவக் குடிமகன் ஆக்கிக்கொண்டது. 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை அவரைக் கேலிச்சித்திரமாகப் போட்டது. அடியில் தலைப்பு 'ஹைதராபாத்'. ஆளைப் பார்த்ததும் ஊர் பேரைத்தான் போடத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு விருந்திலும் பேச்சு இப்படிப் போயிருக்கும் என்பது என் ஊகம்:

"பெரார் விஷயமாக..."

"கால் எப்படி இருக்கிறது?"

"தேவலை. அந்தப் பெரார்..."

"இன்னும் கொஞ்சம் மீன்?"

அவர் மட்டும் ஒரு ஆல்பம் ஒட்டியிருந்தால் எத்தனை கனமாக இருந்திருக்கும்! விருந்து அழைப்பிதழ்கள், டாக்டர் பட்டத் தாள், கேலிச்சித்திர அச்சு, பாரிஸ் வைத்தியரின் சீட்டு. போன காரியத்துக்கான பக்கம் ஒன்றுதான் வெற்றாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியும் மனிதர் விடவில்லை. மனு மேல் மனு. கடைசியில் 1878இல் இந்தியா மந்திரி சாலிஸ்பரி பிரபு பதில் சொன்னார்: நிஜாம் மைனர், அவர் மேஜரான பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் தாலுகா ஆபீசில் இதைவிட நயமாக ஒரு பைலைத் தூங்கப் போட்டவர்கள் கிடையாது. நிஜாம் ஆட்சிப் பொறுப்பு ஏற்றது 1884இல். சாலார் ஜங் 1883 பிப்ரவரியிலேயே, காலரா என்று சொல்லப்படும் நோயில், போய்ச் சேர்ந்துவிட்டார். கோரிக்கை கிணற்றில் போட்ட கல்லானது. கையில் மிஞ்சிய கல்லோ, கிணற்றடியில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் சேந்திக் கொடுத்துக் கல்யாணம் ஆன பெண்ணுடையது.

பெரார் கதையை 1902இல் கர்சன் பிரபு முடித்துவைத்தார். வருஷத்துக்கு 25 லட்ச ரூபாய், நிரந்தரக் குத்தகை. நிஜாம் மகபூப் அலி கானுக்கு ஜி.சி.பி. என்ற பட்டம் கிடைத்தது. 'கேவ் கர்சன் பெரார்', அதாவது கர்சனுக்குப் பெராரைத் தூக்கிக் கொடுத்தவர் என்று அதற்கு விரிவு சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பருத்திக் காடு இப்போது மகாராஷ்டிரத்தில் இருக்கிறது.

சிலை மட்டும் வீட்டில் தங்கியது. பேரன் மூன்றாம் சாலார் ஜங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கினார். தாத்தா ஒட்டாத ஆல்பத்தைப் பேரன் ஒரு அரண்மனை முழுக்க ஒட்டிவிட்டுப் போனார். 1949இல் அவர் இறந்த பிறகு எண்ணிப் பார்த்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் உருப்படிகள். 1951இல் நேரு வந்து திவான் தேவடி என்ற அந்த மாளிகையிலேயே மியூசியமாகத் திறந்துவைத்தார். மூசி ஆற்றங்கரையில் இப்போதுள்ள கட்டடம் 1968இல் வந்தது.

பெரியம்மாவுக்கு இதில் எதிலும் அக்கறை இல்லை. மூன்று மணிக்கு எல்லாரும் மியூசியத்துப் பொம்மைக் கடிகாரத்தின் முன்னால் கூடினோம். கதவு திறந்தது, குட்டி மனிதன் ஒருவன் வந்து மூன்று அடி அடித்தான், உள்ளே போய்விட்டான். "இவனுக்கு இதுதான் உத்தியோகமா? பென்ஷன் உண்டா?" என்றாள்.

வெளியே வந்ததும் ஒரு பான் கடை. பெரியம்மா முந்திக்கொண்டு, காவலரிடம் கற்ற வித்தையைக் காட்ட, சத்தமாக, மரியாதையாகக் கேட்டாள்: "சூனா நக்கோ!" கடைக்காரர் தலையாட்டி, துளி சுண்ணாம்பு இல்லாமல் ஒரு பீடாவை மடித்துக் கொடுத்தார். காச்சிகுடா ஸ்டேஷன் வரைக்கும் மென்றாள். வாய் சிவக்கவே இல்லை.